அருவாமனைக்கு இன்னொரு பேர்

உத்தமபாளையத்து ஷாஜியா ஆறேழு வருசமாக ஆன்லைனில் அருவாமனை விற்கிறாள். பட்டறையில் வாங்கி, துடைத்து, அலகுக்கு அட்டை சுற்றி, அவளே பார்சல் கட்டுவாள். வெளியூரில் குடியேறிய நம் பக்கத்துப் பெண்கள் விரும்பி வாங்கினார்கள்.

எந்த நாட்டிலோ கத்தி விற்பனைக்குப் புதுச் சட்டம் வந்தது. அவள் பொருளைப் போட்டிருந்த ஆன்லைன் கம்பெனி வம்பே வேண்டாமென்று எல்லா ஊருக்கும் அதையே விதியாக்கிவிட்டது. ஒருநாள் காலையில் பார்த்தால் அந்தத் தளத்தில் அவள் விற்பனைப் பக்கமே காலி. ‘அரிவாள்மனை’ என்ற பேரில் அரிவாள் இருக்கிறதாம், அதனால் ஆயுதமாம்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள்.

“ஏம்மா, மனையக் கால்ல அமுக்கிக்கிட்டு முருங்கைக்கா நறுக்குறது இது. யாராச்சும் வெட்டுப்படணும்னா, அவுகளா வந்து அதுமேல விழுந்தாத்தான் உண்டு.”

“புரியுது மேடம். ஆனா சிஸ்டம் எடுத்துக்காது.”

நாலைந்து முறை மன்றாடி அலுத்துப்போய், ‘காய் நறுக்கும் பலகை’ என்று பேரை மாற்றினாள். உடனே அனுமதி கிடைத்தது.

அடுத்த வாரம் ஓசூரிலிருந்து ஹேமாவதி என்பவள், பார்சலில் இருந்த நம்பரைப் பார்த்து அழைத்தாள்.

“நான் பலகைதானக்கா கேட்டேன்? அருவாமனை வந்திருக்கு.”

“திருப்பி அனுப்பிரும்மா.”

“அனுப்பத்தான் பாத்தேன். எடுக்க வந்த கூரியர்காரரு பிரிச்சுப் பாத்துட்டு, இது ஆயுதம், ஏத்த மாட்டேன்னு போயிட்டாரு. நான் இத என்ன செய்ய?”

ஷாஜியாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“வீட்டுல வெங்காயம் இருக்கா ஆத்தா? உக்காந்து அரிஞ்சு பாரு. பழகிரும்.”