திரையில் இல்லாத வரி

எங்கள் கம்பெனியில் ஐந்து சிஎன்சி மெஷின்கள். ஐந்துக்கும் புரோகிராம் எழுதுவது ஒரே ஆள்தான். ஜீரோ அக்கா. உலோகக் கட்டியை டூல் எந்த வழியாகப் போய், எவ்வளவு ஆழத்துக்கு வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பாதை போட்டு, அதை ‘கோடு’ என்று நாங்கள் சொல்லும் கட்டளை வரிகளாக மாற்றி மெஷினுக்கு அனுப்புவது அவர் வேலை. கட்டியின் எந்த மூலையிலிருந்து அளவு தொடங்குகிறதோ அந்த இடத்துக்கு ஜீரோ என்று பெயர். அதை மூன்று தடவை பார்க்காமல் அக்கா எதையும் அனுப்ப மாட்டார். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

“இன்னும் எத்தனை தடவைதான்க்கா பார்ப்பீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய கண்ணாடி அறைக்குப் பக்கத்தில்தான் என் அளவெடுக்கும் மேஜை.

“மெஷினுக்கு மூளை கிடையாது. நாம தப்பா சொன்னா அந்தத் தப்பை அது ரொம்பக் கரெக்டா செய்யும்” என்றார்.

அக்காவின் புரோகிராம்களில் இன்னொரு விசேஷம் உண்டு, அவர் எழுதும் குறிப்புகள். கோடுக்கு நடுவே மெஷினை நிறுத்தச் சொல்லும் இடங்களில், ஓட்டுகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுவார். மெஷின் தமிழ் எழுத்தைத் தின்னாது என்பதால் தமிழையே ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிப்பார். கிளாம்பை மாத்து. சுருளை ஊது. இந்த டூல் பொடிசு, கோபப்படுத்தாதே. சத்தம் மாறினால் என்னைக் கூப்பிடு, சாமியைக் கூப்பிடாதே. இப்படி. எங்கள் ஆட்கள் சினிமா போஸ்டரைப் பார்ப்பதுபோல் அந்த வரிகளைப் பார்ப்பார்கள். முன்பு காகிதத்திலும் செட்டிங் விவரம் கொடுத்துக்கொண்டிருந்தார். எண்ணெயில் ஊறி ஒன்றும் தெரியாமல் போவதால் அது தானாகவே நின்றுபோனது. திரையில் வருவதுதான் வேதம் என்றாகிவிட்டது. நிறுத்தம் வந்து குறிப்பு ஒன்றும் இல்லையென்றால் வெட்டி விழுந்த உலோகச் சுருளை ஊதிவிட்டு மறுபடி ஸ்டார்ட் போடு என்று அர்த்தம். இதை யாரும் சட்டமாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

போன வருடம் அக்காவின் அப்பா இறந்துபோனார். மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவரை அக்காதான் பார்த்துக்கொண்டார். நான்காம் நாள் வேலைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டார். அழவில்லை. அதற்குப் பிறகு சிரிக்கவும் இல்லை. குறிப்புகள் வந்தன, ஆனால் கிண்டல் போய்விட்டது. கிளாம்பை மாத்து, சுருளை ஊது, அவ்வளவுதான்.

“அழுகையே வரலையாக்கா?” என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “தும்மல் வர்ற மாதிரி இருக்கும், ஆனா வராது பாரு, அந்த மாதிரி” என்று சொல்லிவிட்டு மவுஸை நகர்த்தினார்.

அந்தத் திங்கட்கிழமை மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. காலையில் திறந்தால் பட்டன்கள் எல்லாம் வீடு மாறியிருந்தன. எங்கே என்ன இருக்கிறது என்று தேடுவதற்கே அரை நாள் போனது. பழைய அக்காவாக இருந்தால் “இதை எழுதினவன் ஒருநாளாவது மெஷின் முன்னாடி நின்னிருப்பானா?” என்று மதியம் வரை திட்டியிருப்பார். இப்போது டைரியை எடுத்து, தன் செட்டிங்குகளை ஒவ்வொன்றாக வாயே திறக்காமல் மறுபடி போட்டார். ஒன்றே ஒன்று விட்டுப்போனது. குறிப்புகளைக் கோடில் எழுதலாமா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம். முன்பு முதல் பக்கத்தில் டிக் போட்டு இருந்தது. இப்போது நான்காவது பக்கத்தில், டிக் இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை புது வேலை. பம்ப் மூடி, அலுமினியம், முதல் பீஸ். மூன்றாம் மெஷினில் அவசரம் அண்ணன். ஐம்பத்தாறு வயது. வேகமாக நடப்பார், வேகமாகச் சாப்பிடுவார், அதனால் அந்தப் பெயர். ஆனால் மெஷின் பட்டனில் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. முதல் பீஸ் என்றால் வேகத்தைக் கால்வாசிக்குக் குறைத்து, வேகக் குமிழில் ஒரு விரலும் நிறுத்தும் பட்டனில் இன்னொரு விரலுமாக நிற்பார்.

ஐந்தாவது டூல் முடிந்ததும் மெஷின் நின்றது. கட்டியை இறுக்கிப் பிடித்திருக்கும் வலது பக்கத்துக் கிளாம்பைக் கழற்றி இடது பக்கம் போட வேண்டிய இடம் அது. திரையில் குறிப்பு இல்லை. அண்ணன் சுருளை ஊதினார், கதவைச் சாத்தினார், ஸ்டார்ட் போட்டார். நிறுத்தும் பட்டனை விரல் அழுத்துவதற்குள் ஆறாவது டூல் இறங்கி நேராக இரும்புக் கிளாம்பில் போய் மோதியது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படி எழுதுவது? இரும்புப் பீரோவை மாடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. டூல் உடைந்து ஒரு துண்டு கதவுக் கண்ணாடியில் தெறித்தது. டூலைச் சுழற்றும் தண்டு வளைந்துவிட்டது. அண்ணனுக்கு அடி ஒன்றும் இல்லை. தண்ணீர் கொடுக்க இரண்டு பேர் அவரை வெளியே கூட்டிப் போனார்கள்.

ஜீரோ அக்கா மெஷினுக்கு வந்து திரையைப் பார்த்தார். குறிப்பு இல்லை. திரும்பித் தன் அறைக்குப் போனார். அங்கே செய்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான்காவது பக்கத்தைக் கண்டுபிடித்தார், டிக் போட்டார், கோடை மறுபடி எடுத்தார், அனுப்பினார். ‘இதே பெயரில் ஏற்கெனவே புரோகிராம் இருக்கிறது, மாற்றட்டுமா?’ என்று மெஷின் கேட்டது. ஆமாம் போட்டார். தப்பைப் பார்த்தால் திருத்து, திருத்தினால் அனுப்பு. பதினேழு வருடப் பழக்கம். வளைந்த தண்டோடு அந்த மெஷின் அன்று ஒன்றையும் வெட்டப்போவதில்லை என்பது அவர் கைக்குத் தெரியவில்லை.

இருபது நிமிடம் கழித்து முதலாளி வந்தார்.

“என்னண்ணே, கிளாம்பை மாத்தாமலே ஸ்டார்ட் போட்டீங்களா?”

“மாத்தச் சொல்லி ஒண்ணும் வரலைங்க. வெறும் ஸ்டாப்தான் வந்துச்சு. வெறும் ஸ்டாப் வந்தா ஊதிட்டு ஓட்டுறதுதானே வழக்கம்.”

முதலாளி திரையில் வரிகளைத் தள்ளிப் பார்த்தார். “இதோ இருக்கே. கிளாம்பை இடது பக்கம் மாத்து, கையால ஆட்டிப் பாருன்னு. எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்டணுமா?”

அண்ணன் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “இது... இது அப்ப இல்லைங்க.”

“அப்ப இல்லாதது இப்ப எப்படி வந்துச்சு? மெஷினே உக்காந்து எழுதிக்கிச்சா?”

“கண்ணு பார்க்கிறதுக்கு முன்னாடி கை போயிருக்கும். பேரே அவசரமாச்சே!” என்று பக்கத்து மெஷின் லேத்காரர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

முதலாளி அக்காவிடம் திரும்பினார். “நீ குறிப்புப் போட்டிருந்தே இல்ல?”

“போட்டிருந்தேன்” என்றார் அக்கா. அது உண்மைதான். கம்ப்யூட்டரில் போட்டிருந்தார். முதலாளி கேட்டது அவ்வளவுதான், அக்கா சொன்னதும் அவ்வளவுதான்.

அன்றைக்கே அண்ணனை மெஷினிலிருந்து எடுத்து, பிசிறு தேய்க்கும் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை. “கண்ணு மங்கிடுச்சுன்னா அதை ஒத்துக்கணும்ணே. சனிக்கிழமை பேசி ஒரு முடிவு பண்ணுவோம்” என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். அந்த முடிவு என்னவாக இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அக்காவின் வீட்டுக்காரரே பின்னால் எனக்குச் சொன்னார். பள்ளி வேன் ஓட்டுகிறவர், வாய் ஓயாதவர். துணி மடித்துக்கொண்டே அக்கா நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார், கடைக்குப் போய்வந்த கதை மாதிரி.

“அப்ப அவர் மேல தப்பே இல்லையே!” என்றாராம் இவர்.

“இல்லை.”

“நீ சொல்லலையா?”

“கேக்கலை.”

“அடியேய், கேட்டாத்தான் சொல்லுவியா? உனக்கு ஒண்ணுமே தோணலையா?”

அக்கா ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, “தோணலை. தோணணும்னு தெரியுது, ஆனா தோணலை” என்றாராம். அடுத்த சட்டையை எடுத்தாராம்.

புதன்கிழமை முழுக்க அண்ணன் தலை நிமிரவில்லை. அரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. நடுநடுவே ஒரு பழைய ரசீதை எடுத்து, முகத்துக்குக் கிட்டே வைத்து, கொஞ்சம் தள்ளி வைத்து, கையை முழுசாக நீட்டிப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தார். இதை நான் பார்த்தேன். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அக்காவும் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை அண்ணன் தேய்த்த பீஸ்களை அளவெடுக்க என் மேஜைக்குக் கொண்டுவந்தார். “நேத்து கண் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன்மா” என்றார். வேகமாகப் பேசுகிற மனுஷர், அன்று மெதுவாகப் பேசினார்.

“என்ன சொன்னாருண்ணே?”

“கண்ணு நல்லா இருக்காம். இந்தக் கண்ணாடியே இன்னும் ரெண்டு வருஷம் தாங்குமாம்.” பீஸ்களை அடுக்கினார். “அப்ப கோளாறு கண்ணுல இல்ல” என்று விரலால் நெற்றியைத் தட்டிக் காட்டினார். “பொண்டாட்டிகிட்டகூட இன்னும் சொல்லலை. இருந்த வரியை இல்லைன்னு பார்த்திருக்கேன் பாரு. நாளைக்கு வீட்டுக்கு வழி தெரியாம நிப்பேன் போல.”

கண்ணாடி அறையின் கதவு திறந்திருந்தது. அக்கா எழுந்து வந்தார். “அண்ணே, வாங்க” என்றார். நேராக முதலாளி அறைக்கு நடந்தார். அண்ணன் பின்னால் போனார். கூப்பிடாமலே நானும் போனேன்.

“குறிப்பு அப்ப வரலை. டூல் மோதின பிறகு நான்தான் திருத்தி அனுப்பினேன்” என்றார் அக்கா. என் மேஜையில் நான் அளவு வாசிப்பேனே, அதே குரலில். மடிக்கணினியை முதலாளி முன்னால் வைத்து நான்காவது பக்கத்தைத் திறந்தார். டிக்கை எடுத்தார், கோடை எடுத்துக் காட்டினார். நிறுத்தம் இருந்தது, கீழே வரி இல்லை. டிக்கைப் போட்டு எடுத்தார். வரி இருந்தது.

முதலாளி இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். “கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்திருப்பியே, அதுலகூடத் தெரியலையா?”

“அதுல கிளாம்பே கிடையாது. பீஸ் மட்டும்தான். எல்லாம் பச்சையாத்தான் காட்டுச்சு.”

“சரி, ரெண்டு நாளா வாய்க்குப் பூட்டா போட்டிருந்தே? இந்த மனுஷனை மூலையில உக்கார வச்சிருக்கேன்!”

“தெரியலை. மறைக்கணும்னு செய்யலை. கை செஞ்சிடுச்சு. அப்புறம் சொல்ல வரலை.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். “அப்ப அந்த வரி இல்லை” என்றார். “இல்லைண்ணே” என்றார் அக்கா. “இல்லவே இல்லை?” “இல்லவே இல்லை.” அதற்கு மேல் அக்காவோடு பேசாமல் அண்ணன் வெளியே போனார். பேச்சு அடுத்த வாரம் வரை திரும்பவில்லை.

முதலாளி கத்தினார், பிறகு அடங்கினார். இனிமேல் காகிதமும் வேண்டும், இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டம் போட்டார். சனிக்கிழமைப் பேச்சு நடக்கவில்லை. தண்டு மாற்றி மெஷின் ஓட ஒரு வாரம் ஆனது. அண்ணன் மறுபடி அதன் முன்னால் நின்றார், ஒரு விரல் குமிழில், ஒரு விரல் பட்டனில்.

ஐந்தாவது டூல் முடிந்து மெஷின் நின்றது. அண்ணன் குனிந்து படித்தார். பிறகு பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்: “கிளாம்பை இடது பக்கம் மாத்து. கையால் ஆட்டிப் பார். போன தடவை இந்த வரி வரவில்லை. தப்பு என்னுடையது. அண்ணன் கண் நல்ல கண்.”

லேத்காரர் தன் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

“அதை எடுத்துடும்மா, வெளி ஆளுங்க வந்து பார்க்கிற இடம்” என்றார் முதலாளி. அக்கா சரி என்றார். எடுக்கவில்லை. நாற்பது மூடி அந்த வேலையில். நாற்பது தடவையும் அண்ணன் நிறுத்திப் படித்தார். “தப்பு என்னுடையதாம்!” என்று அவர் கத்தும்போதெல்லாம் கண்ணாடி அறையில் ஒரு கை தலைக்கு மேலே எழும்பி இறங்கும். முகம் திரும்பாது.

இருபதாவது மூடியிலோ என்னவோ, அண்ணன் வேறு மாதிரி படித்தார். “ஜீரோ அக்கா இன்னைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தரவும்.”

அக்கா எழுந்து மெஷின் வரைக்கும் வந்துவிட்டார், மறுபடி ஏதோ மாறிவிட்டதோ என்று. “அப்படி நான் எழுதலையே.”

“எனக்குத் தெரியுது. என் கண்ணு நல்ல கண்ணுன்னு நீயே எழுதியிருக்கே.”

அக்கா திரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். கிளாம்பைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார், டீ வந்தது.

மறுநாள் அடுத்த வேலைக்கான கோடு மூன்றாம் மெஷினுக்குப் போனது. முதல் நிறுத்தத்தில் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சத்தம் மாறினால் என்னைக் கூப்பிடு. டீ குடித்துவிட்டுக் கூப்பிடு.

நான் கண்ணாடி அறைக்கு ஓடினேன். “அக்கா, பழையபடி எழுதியிருக்கீங்க!”

“அப்படியா?” என்று திரையில் தேடிப் பார்த்தார். ஒரு நிமிடம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை எழுதிடுச்சு” என்றார்.