ஊர்வலத்தில் கருகிய கியர் ஆயில்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இறந்துபோன என் அண்ணன் விட்டுச்சென்றது, கியர் தானாக மாறும் ஒரு பழைய வெளிநாட்டு கார். மாப்பிள்ளை அழைப்புகளுக்கு அதை நான் ஓட்டுவேன். அந்த வாடகையில்தான் அண்ணி குடும்பம் நடத்தினார்.

"கியர் ஆயில் ரொம்பச் சூடாகுது. அடியில இருக்கிற ஆயில் தொட்டியைப் பெரிசா மாத்துங்க" என்றார் மெக்கானிக்.

"நடக்கிற வேகத்துல போற வண்டிண்ணே, எங்க சூடாகப் போகுது?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை ஸ்ரீரங்கத்தில் நாயனக்காரர்கள் வீதி முனைதோறும் நின்று வாசித்தார்கள். மாப்பிள்ளையை ஏற்றிய காரில் நான் பின்னால் ஊர்ந்து வந்தேன். காற்றுப் படாமல் ஆயில் கருகி, புகை கிளம்பி, கார் நின்றுவிட்டது. மாப்பிள்ளை இறங்கி நடந்தார்.

"குதிரையே சொல்லியிருக்கலாம்" என்றார் பெண் வீட்டார் ஒருவர்.

அந்த கியர்பாக்ஸுக்குச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை. இப்போது வேறொருவரின் காரை ஓட்டுகிறேன். ஆழமான ஆயில் தொட்டி பொருத்திய பிறகே சாவியை வாங்கினேன். ஊர்வலத்தில் இடையிடையே எஞ்சினை நிறுத்தி ஆறவிடுகிறேன்.

அண்ணனின் கார் இனி ஓடாது என்று அண்ணியிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை.

"அவரு உக்காந்த இடம்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு, தம்பி" என்றார்.

மறுநாள் அண்ணி, சத்திரம் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார்.