தலைமடை ஓட்டு

எங்கள் அப்பா ஒரு விவசாயி. இதை நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். மாடம்பாக்கத்தில் நாலு பக்கமும் அடுக்குமாடி வீடுகள் நிற்க, நடுவில் அரை ஏக்கர் நிலம், அதில் ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு அரசாங்கம் தரும் இலவச மின்சாரம். இவ்வளவும் அவருடையது. சாலையோரத்து வீடுகளிலிருந்து வாடகையும் வருகிறது. ஆனால் தொழில் என்ன என்று யாராவது கேட்டால் வாடகை என்ற சொல் அவர் வாயில் வரவே வராது. என் கல்யாணப் பத்திரிகையில் தன் பேருக்குக் கீழே 'விவசாயி' என்று போட்டே ஆக வேண்டும் என்று அச்சகத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவருக்கு மூன்று கூட்டாளிகள். பெரியப்பா கல்யாண மண்டபம் நடத்துகிறார். சித்தப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. மாமா தண்ணீர் கேன் ஏஜென்சி. ஆளுக்கொரு துண்டு நிலமும் கிணறும் இலவச இணைப்பும் மிச்சம் இருப்பதால் இவர்களும் விவசாயிகள்தான். மானிய விலையில் பூச்சிமருந்து தெளிக்கும் மெஷின் கொடுத்தபோது வரிசையில் முதலில் நின்றவர்கள் இவர்களே. பெரியப்பாவின் மெஷின் இப்போது மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறது. மானியத் தார்ப்பாய் சித்தப்பாவின் காரைப் போர்த்தியிருக்கிறது. பயிர்க்கடன் தள்ளுபடி என்று டீவியில் சொன்ன அன்று, கடனே வாங்காத மாமா, "அடடா, வாங்காம வுட்டுட்டமே!" என்று சோறு இறங்காமல் கிடந்தார்.

இவர்கள் ஓட்டுப் போடும் விதத்தைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதற்கு முதலில் தண்ணீர் முறையைச் சொல்ல வேண்டும். ஏரித் தண்ணீர் வாய்க்காலில் வந்த நாளில் யார் முதலில் பாய்ச்சுவது என்று மண்வெட்டியோடு சண்டை நடக்குமாம். அதனால் இந்த நாலு குடும்பமும் ஒரு முறை வைத்துக்கொண்டன. இந்தப் போகம் முதலில் பாய்ச்சியவர் அடுத்த போகம் கடைசியில் பாய்ச்ச வேண்டும். முதல் ஆள் தலைமடை, கடைசி ஆள் கடைமடை. இன்று அந்த வாய்க்காலின் மேல் சிமெண்ட் ரோடு போகிறது. ஆனால் முறையை விட்டுவிட மனசு வராமல், அதை அப்படியே தூக்கித் தேர்தலில் வைத்துவிட்டார்கள்.

ஓட்டுக்கு முதல் நாள் மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நால்வரும் கூடுவார்கள். ஜெயிப்பார் என்று ஊரே பேசும் ஆளுக்கு ஒருவர் ஓட்டுப் போட வேண்டும். அது தலைமடை. அடுத்த ஆளுக்கு அடுத்தவர். டெபாசிட்டைப் பறிகொடுக்கப் போகும் சுயேச்சைக்கு ஒருவர். அது கடைமடை. யார் ஜெயித்தாலும் நால்வரில் ஒருவர் சால்வையும் எலுமிச்சம்பழமுமாகப் போய், "உங்களுக்குத்தான் போட்டேன்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லலாம் அல்லவா? சொல்லிவிட்டு நால்வருக்கும் வேண்டியதைக் கேட்டு வாங்கி வரலாம். கொள்கை என்று ஒன்று வேண்டாமா என்று ஒரு முறை கேட்டேன். "மோட்டாரு ஓடணும். அதான் கொள்கை" என்றார் அப்பா.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. போடாதவர் போட்டதாகப் போய்ச் சொல்லக் கூடாது. அப்படி யாரோ ஒருவர் பொய் சொல்லி, அந்தக் கோடையிலேயே அவர் கிணறு வற்றிப் போனதாம். யார், எந்தக் கோடை என்றெல்லாம் கேட்டால் நால்வரும் நாலு பதில் சொல்வார்கள். ஆனால் கிணறு வற்றியதில் மட்டும் சந்தேகமே கிடையாது.

போன வார்டு தேர்தலுக்குச் சற்று முன்னால் அப்பாவிடமிருந்து போன் வந்தது. நான் கீழ்க்கட்டளையில் இருக்கிறேன். அந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் எனக்குத்தான் போன் வரும்.

"கரண்ட் ஆபீஸ்லேர்ந்து சொல்லிட்டுப் போய்க்கீறாங்க. தேர்தல் முடிஞ்சதும் வந்து பாப்பாங்களாம். நெலத்துல பயிர் இல்லன்னா இலவச கரண்ட்ட புடுங்கிடுவாங்களாம்."

"பயிர் இருக்கா?"

"போன வருஷம் நெல்லு வெச்சனே!"

"இப்ப என்னப்பா இருக்கு?"

"உங்கம்மா எதோ கீரை போட்டுக்கினு கீறா" என்றார், யாரோ பக்கத்து வீட்டில் கேரம் ஆடுகிறார்கள் என்று சொல்வதுபோல.

அப்பாவுக்கு நெல் மட்டும்தான் பயிர். கீரை என்பது அம்மாவின் பொழுதுபோக்கு. அம்மா விதைத்து, களை பறித்து, கட்டுக் கட்டி, அடுக்குமாடி வாசல்களில் விற்றுவிட்டு வருவாள். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பேப்பர் படிப்பார். எனக்கு இது எப்போதுமே எரிச்சல். அவர் உழுது நட்டு நான் பார்த்ததில்லை. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது. மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் நிலம் காயும். காய்ந்த நிலத்துக்காக ஒரு பில்டர் ஏற்கெனவே வாராவாரம் ஸ்வீட் பாக்ஸோடு வந்துகொண்டிருந்தார். அதையும் கொடுத்துவிட்டால் எங்கள் அப்பா வெறும் வீட்டு ஓனர் ஆகிவிடுவார். அவர் அதைத் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

சோதனையாக, அந்த முறை அப்பாவுக்கு வாய்த்தது கடைமடை. வார்டில் சுயேச்சையாக நின்றவர் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். அவருக்குக் கிடைத்த சின்னம் இஸ்திரிப்பெட்டி. பிரச்சாரத்துக்கு இரண்டு பேரோடு நடந்து போவார், வழியில் யாராவது கேட்டால் மாவும் கொடுப்பார். ஆளுங்கட்சிக்காரரோ மேளம், போஸ்டர் என்று ஊரைக் கலக்கிவிட்டு, வெற்றி விழாவுக்குப் பட்டாசுகூட வாங்கி அடுக்கிவிட்டார். தலைமடை பெரியப்பாவுக்கு.

ஓட்டுப் போட்டார்கள். எண்ணினார்கள். இஸ்திரிப்பெட்டி ஜெயித்துவிட்டது.

சேதி கேட்டு மறுநாளே நான் மாடம்பாக்கத்துக்கு ஓடினேன். நான் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் தும்பைப்பூ வேட்டியில், சால்வையும் எலுமிச்சம்பழமுமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றார்கள். கடைமடைக்கு அடித்தது யோகம்! கரண்ட் போகப்போகிற வீட்டுக்காரருக்கே முறையும் வந்து வாய்த்திருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

"கெளம்புடா தம்பி. உன் மொறை" என்றார் பெரியப்பா.

அப்பா எழுந்திருக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் அவருக்குப் போடலண்ணே" என்றார்.

"பின்ன?"

"கரண்ட்டு போய்டுமேன்னு பயமா இருந்திச்சு. தலைமடைக்கே போட்டுட்டேன். ஒரு ஓட்டுல இன்னா ஆவப்போதுன்னு..."

பெரியப்பா கத்த ஆரம்பித்தார். முறை தவறியவன், குடும்ப மானம், தாத்தா போட்ட ஏற்பாடு என்று வரிசையாகப் போனது. பாதியில் மாமா தொண்டையைக் கனைத்தார். அவருடைய முறை மூன்றாவது ஆளுக்கு. "மச்சான் மட்டும் இல்ல, நானும் தலைமடைதான்" என்றார். "உள்ள போனதும் கை அங்கியே போய்டுச்சு." சித்தப்பா கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். அது போதுமானதாக இருந்தது. நாலு பேரும் ஒரே மடையில் நின்றிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அப்பா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "சும்மா போட்டேன்னு சொல்லுங்கப்பா, மெஷினுக்குள்ள யார் எட்டிப் பாத்தா?" என்றேன். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். பின்னாலேயே போனேன். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தவர், "வேணாம்மா. கரண்ட்டு போனா போவட்டும். இதுவும் போச்சுன்னா நான் எங்க போவேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது. இவ்வளவு அசட்டுத்தனமான ஒரு காரணத்துக்காக ஒரு மனிதர் இவ்வளவு நேர்மையாக இருக்க முடியுமா என்று எனக்குக் கோபமும் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

அப்போது அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"நான் மாவுக்காரருக்குத்தான் போட்டேன்."

அப்பா திரும்பினார். "உன்கிட்டதான் சொன்னனே, யாருக்கும் தெரியாம ஆளுங்கட்சிக்குப் போட்டுடுன்னு? சரின்னியே!"

"நீங்க சொன்னீங்க, நான் சரின்னேன். அதோட முடிஞ்சிபோச்சு. ஓட்டு என்னுது தானே?"

கூடத்திலிருந்த மூவரும் கொல்லைக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பா அம்மாவை அதுவரை பார்த்தே இராதவர்போல் பார்த்தார். இத்தனை தேர்தலாக வீட்டுக்கு இரண்டு ஓட்டு, பெண்டாட்டி ஓட்டும் புருஷன் சொல்கிற இடத்துக்கே போகும் என்றுதான் இவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். "அப்ப எங்கூட்டுக்காரி?" என்றார் சித்தப்பா மெதுவாக. சால்வையை அம்மாவிடம் கொடுத்தார்கள்.

மாவுக் கடையில் புதுக் கவுன்சிலர் கிரைண்டர் முன்னால் நின்றார். ஜெயித்த மறுநாளும் ஊருக்கு இட்லி வேண்டுமே. முழங்கை வரை மாவு, அதனால் சால்வையைக் கையில் வாங்க முடியவில்லை. அம்மாவே போர்த்திவிட்டாள். அப்பா ரோட்டைப் பார்த்தார்.

"உனக்குத்தாம்பா ஓட்டுப் போட்டேன்" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். "காலைலேர்ந்து எல்லாரும் அதான் சொல்றாங்கக்கா. கூட்டிப் பாத்தா வார்டு ஜனத்தவிட ஜாஸ்தியா வருது."

"மத்தவங்க கதை எனக்குத் தெரியாது. உன் மாவு ரெண்டாம் நாளும் புளிக்கறதில்ல. அதான் போட்டேன்."

அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டார். "நீங்க போட்டுக்கீறீங்க, அக்கா. நம்பறேன். இன்னா வேணும், சொல்லுங்க."

அப்பா முன்னால் வந்து மின்சாரக் கதையை ஒப்பித்தார். பின்னால் மூன்று வேட்டிகளும் கைகட்டி நின்றன. கரண்ட் ஆபீசிலிருந்து வரும்போது தானும் கூட இருப்பதாகக் கவுன்சிலர் சொன்னார். சொன்னபடியே மாவுக் கூடை கட்டிய வண்டியில் வந்தும் விட்டார்.

ஆபீசிலிருந்து வந்தவர் ஒரு இளம் பெண் அதிகாரி. கவுன்சிலர், பெரியப்பா, சித்தப்பா, மாமா, அப்பா, சோடா, பிஸ்கட் என்று வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் தவறான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தயங்கினார். கொல்லைக்கு அழைத்துப் போனோம். அரைக்கீரை, முளைக்கீரை, ஓரத்தில் கொத்தமல்லி என்று பாத்தி பாத்தியாகப் பச்சை. மோட்டார் தண்ணீர் கடைசிப் பாத்தி வரை போய்க்கொண்டிருந்தது.

"பயிர்தான் நல்லா இருக்கே சார். கவுன்சிலரை எல்லாம் எதுக்கு சிரமப்படுத்தினீங்க?"

"அது கீரைம்மா" என்றார் அப்பா.

"கீரையும் விவசாயம்தானே?"

கவுன்சிலர் அவசரமாகத் தலையாட்டினார்.

"சரி, இணைப்பு இருக்கும். யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்" என்று அந்தப் பெண் போனை எடுத்தார். "விவசாயி யாருங்க? பயிர் பக்கத்துல வந்து நில்லுங்க."

நால்வரும் ஒரே நேரத்தில் ஒரு அடி முன்னால் வைத்தார்கள். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. நாலு வெள்ளை வேட்டிகளையும் அதிகாரி மாறி மாறிப் பார்த்தார். எனக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. பிறகு அப்பா தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். கடைசிப் பாத்தியில் முதுகைக் காட்டிக்கொண்டு களை பறித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். வைத்த அடியைப் பின்னால் எடுத்தார்.

"இந்தாம்மா, இங்க வா" என்று கூப்பிட்டார். "விவசாயி யாருன்னு கேக்கறாங்க."

அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். புடவையில் கையைத் துடைத்தபடி வரப்பில் நடந்து வந்தாள்.

"அதச் சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?" என்றாள்.