ஆள் நிற்காத முதியோர் இல்லம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சுவிஸ் நாட்டு ஓல்டன் நகரில் உணவகமொன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, துப்புரவு நிறுவனம் நடத்தி, வீடும் வாங்கினேன். எங்கள் கோயில் மண்டபத்துக்குக் கூரை போட்டவனும் நானே.

மறதி நோய் வந்த மனைவிக்கு முதியோர் இல்லம் தேடியதும் நான்தான். அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை தாதியாக நின்றாள். "அன்ரியை நான் பாப்பன், யோசியாதேங்கோ அங்கிள்" என்றாள். அது போதுமென்று வேறொன்றும் விசாரிக்கவில்லை.

நான் கனடாவில் மகளிடம் போயிருந்தபோது அந்தப் பிள்ளை வேலையை விட்டுவிட்டாள். மனைவிக்கு அங்கே பேசும் ஜெர்மன் மொழி மறந்துபோயிருந்தது. "தண்ணி, தண்ணி" என்று கேட்டிருக்கிறாள். தாதிகளில் நாளுக்கொரு புதுமுகம், ஒருவருக்கும் தமிழ் விளங்கவில்லை. உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரிக்குப் போனாள். உயிர் தப்பியது, பேச்சு நின்றுவிட்டது.

எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேர் விட்டுப் போனார்கள் என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். வெளியில் சொல்வதில்லையாம். வேறெங்கும் இடமில்லை. மனைவி இன்னும் அங்கேதான்.

இப்போது ஒவ்வொரு இல்லத்து வாசலிலும் நின்று, வேலை முடிந்து வரும் எங்கட சனத்திடம் விசாரிக்கிறேன். எங்கே ஆள் குறைவு, எங்கே ஆள் நிற்பதில்லை என்று எழுதிக் கோயில் பலகையில் ஒட்டுகிறேன். "வாசிச்சு என்ன அண்ணை, கிடைச்ச இடத்திலதானே விடவேணும்" என்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

போன கிழமை கோயில் நிர்வாகசபையினர் அந்தப் பட்டியலைத் தங்கள் பெயரில் அழகாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அதனால் ஒன்றும் மாறப்போவதில்லை. ஆனாலும் குளிரில் நின்று விசாரித்தவன் நான். சபையாரே, அதன் கீழே என் பெயரைப் போடுங்கள்.