பிசின் தன் கார்டை ரத்து செய்த மதியம்

அலுவலகத்தில் அவருக்குப் பிசின் என்று பெயர். இன்டர்நெட் இணைப்பே வேண்டாம் என்று போன் செய்கிறவர்களைப் பேசிப் பேசியே போகவிடாமல் ஒட்டவைப்பதுதான் பதினோரு வருஷமாக அவர் உத்தியோகம். தலையில் ஹெட்செட், மேஜையில் வெந்நீர் பிளாஸ்க். "ஒரு நிமிஷம் சார், மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்று இசையைப் போட்டுவிடுவார். இரண்டு மடக்கு வெந்நீர் குடிப்பார். "உங்களுக்காகச் சண்டை போட்டு வாங்கியிருக்கேன் சார்" என்று திரும்பி வருவார். மேனேஜர் அந்நேரம் கேன்டீனில் இருப்பார். அதற்கும் மசியாத ஆளென்றால், ரத்து செய்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, செய்யாமல் சாயங்காலம் வரை ஊறப்போடுவார். பாதிப் பேர் பதறியடித்துக்கொண்டு திரும்பக் கூப்பிடுவார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்கே கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணம் போட்டு பில் வந்தது. வருஷா வருஷம் வரும், வருஷா வருஷம் இவர் போன் போட்டு மிரட்டுவார், அவர்களும் விட்டுக்கொடுப்பார்கள். வார விடுமுறை நாளாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"நான் வேணா கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் மனைவி, மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

"நீயா? இது தொழில்காரன் வேலை. அஞ்சே நிமிஷம்."

"கார்டுல இருக்கிற பாயின்ட் பத்திரங்க. பொண்ணைப் பாக்கப் போக டிக்கெட் அதுலதான் போடணும். மூணு வருஷமா சோப்புக்கும் பருப்புக்கும் தேய்ச்சுத் தேய்ச்சு சேர்த்தது."

காதில் விழுந்தது. மூளை வரைக்கும் போகவில்லை.

மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து, மூன்றேமுக்காலுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண் குரல். கட்டணத்தை நீக்காவிட்டால் கார்டே வேண்டாம் என்றார் இவர்.

"ஒரு நிமிஷம் சார், மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்." இசை.

குடிம்மா, நிதானமா வெந்நீர் குடி என்று சிரித்துக்கொண்டார்.

"சார், உங்களுக்காகப் பேசி பாதிக் கட்டணம் குறைச்சிருக்கேன்."

வேறு எவனாவது நன்றி சொல்லி வைத்திருப்பான். இவருக்குத்தான் விஷயம் தெரியுமே! இவர் அலுவலகத்தில் முதலில் நீட்டுவது எதுவும் கடைசி விலை கிடையாது. பாதி வந்தால் மீதி பின்னாலேயே நிற்கும்.

"ஏம்மா, நானும் இதே தொழில்தான். நீ மேனேஜர்கிட்ட போகவே இல்லேன்னு எனக்குத் தெரியும். ரத்து பண்ணிடு."

இப்போது கெஞ்சுவாள் என்று காத்திருந்தார்.

"சரி சார், பண்ணிடறேன். வேற ஏதாவது உதவி வேணுமா?"

கோபித்துக்கொண்டு வாசல்வரை போனவனை யாரும் கூப்பிடாமல், பின்னாலேயே கதவைச் சாத்தித் தாழும் போட்டதுபோல் இருந்தது அவருக்கு. ஒரு மணி நேரம் அந்த அவமானத்திலேயே சோபாவில் கிடந்தார். பிறகு போனில் செய்தி வந்தது: கார்டு மூடப்பட்டதும் சேர்ந்திருக்கும் பாயின்ட்டுகள் அனைத்தும் காலாவதியாகும்.

காலையில் காதில் விழுந்தது இப்போதுதான் மூளைக்கு வந்து சேர்ந்தது. மூன்று வருஷத்துச் சோப்பு. மூன்று வருஷத்துப் பருப்பு. நடுவில் ஒரு தொழில்காரன்.

திரும்பக் கூப்பிட்டார். வரிசையில் நிற்கவைத்து இசை போட்டார்கள். முக்கால் மணி நேரம். இந்த இசை இத்தனை கொடுமையானது என்று பதினோரு வருஷத்தில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னார்கள், அவர் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு பையன் எடுத்தான்.

"தம்பி, மதியம் ஏதோ கோவத்துல ஒரு வார்த்தை விட்டுட்டேன். அந்தக் கார்டை எப்படியாவது..."

"கார்டு உயிரோடதான் சார் இருக்கு."

"எப்படி?"

"குறிப்பு எழுதி வச்சிருக்காங்க. படிக்கட்டுமா?"

"படிங்க."

"'மிரட்டுவார், போக மாட்டார். ஆறு மணிக்குள் கூப்பிடுவார். அதுவரை ரத்து வேண்டாம்.'"

கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பது. போன வாரம்தான் இணைப்பை ரத்து செய்யச் சொன்ன ஒரு பல் டாக்டரைப் பற்றி ஏறக்குறைய இதே வாசகத்தை எழுதிவைத்து, பக்கத்து சீட்காரரிடம் காட்டிச் சிரித்திருந்தார். பிசின் என்று பேர் வைத்தவர்கள் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒட்டிக்கொண்டு பிய்ந்து வராமல் கிடப்பது யார் என்பதில்தான் இவருக்கு இத்தனை நாள் குழப்பம்.

"தம்பி, அந்தப் பாதித் தள்ளுபடி?"

"அது மதியத்தோட போச்சு சார்."

"மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"மேனேஜர் கேன்டீன்ல இருக்கார் சார்."

கட்டணத்தை முழுசாகக் கட்டினார்.

ஆறரைக்கு மனைவி வந்தாள். பையை நாற்காலியில் போட்டாள்.

"என்னங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எவ்வளவு குறைச்சாங்க?"

"கார்டு பத்திரமா இருக்கு. பாயின்டும் பத்திரமா இருக்கு."

கைகழுவப் போனவள் நின்றாள். "அதுக்கு என்ன ஆச்சு?"

"ஒரு நிமிஷம் இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய் இரண்டு மடக்கு வெந்நீர் குடித்தார்.