மொட்டைமாடி இல்லாத வீடுகள்

போன வாரம் விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தேன். வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறதே, நாமாவது ஏதாவது செய்வோம் என்று கோவில்பட்டி நண்பர்கள் சிலர் கிளம்பியிருந்தோம். மொட்டைமாடிகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, அவ்வளவுதான். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் சூடு குறையும். எளிமையான ஐடியா... வீடுகளை லிஸ்ட் போட்டது நான்தான்.

சுண்ணாம்பு அடிக்கக் கூலிக்கு வந்தவர்களில் ஒருவர் செல்வி. ஊருக்குக் கிழக்கே காலனியில் வீடு. மூன்றாம் நாள் மதியம் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"எங்க தெருவுக்கு என்னைக்கு சார் வாரீங்க?"

லிஸ்ட்டைப் பார்த்தேன். காலனியே இல்லை.

"மாடி இருக்குற வீட்டுக்குத்தாம்மா..." என்று இழுத்தேன்.

"எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. மாடி இருக்கவியளுக்கு மட்டுந்தான் சுடுதா? எம்மவளுக்கு மேலெல்லாம் வேர்க்குரு சார்."

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யாரையும் ஒதுக்க வேண்டும் என்று நினைத்தா லிஸ்ட் போட்டேன்? இல்லை. நினைக்காமலே ஒதுக்கியிருக்கிறேன்... அது இன்னும் மோசம் அல்லவா?

உள்ளூரில் எங்களுக்கு எல்லா உதவியும் செய்தவர் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி. சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"செய்யுங்க, யாரு வேண்டாங்கா? சுண்ணாம்பக் குடுத்துருவோம். அவியளே அடிச்சுக்கிடட்டும். நம்மாளுவ அங்கன எதுக்கு?"

நம் மாடிக்கு அவர்கள் ஏறி வரலாம். அவர்கள் தெருவுக்கு நாம் போகக்கூடாது!

மறுநாள் காலை காலனிக்குப் போனோம். நண்பர்களில் இரண்டு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது.

"ஏறிராதீங்க சார், ஷீட்டு ஒடஞ்சிரும்" என்று தடுத்த செல்வி, நீளக் கம்பின் நுனியில் பிரஷ்ஷைக் கட்டி, ஏணியில் நின்றபடியே அடித்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மூன்றே நாளில் தெரு முழுக்க வெள்ளைக் கூரை.

கடைசி நாள் அண்ணாச்சி வந்தார். தெருமுனையிலேயே பைக்கை நிறுத்தி, இறங்காமல் பார்த்தார்.

"உள்ள வந்து பாருங்க அண்ணாச்சி, சூடு நல்லாவே கொறஞ்சிருக்கு" என்றார் செல்வி.

"இருக்கட்டும் தாயி... இன்னொரு நாளு வாரேன்."

பைக் திரும்பியது. செல்வி வாளியைக் கழுவப் போனார்.

வெயில் எல்லாருக்கும் பொதுதான்... நிழல்தான் இன்னும் பொதுவாகவில்லை.