விழாத உலக்கை

சந்திரனுக்கு மனிதன் போய் என்ன பயன் என்று 1969இல் கண்டாவளையில் எவரும் பத்மாசனியிடம் கேட்கவில்லை. கேட்டால் உலக்கைக் கதையைத் தொடங்குவார் என்று ஊருக்கே தெரியும்.

குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்துப் பருத்தித்துறையிலிருந்து வந்தவர் அவர். 1955 ஆனியில் ஒரு காலை சூரியனைக் கிரகணம் பிடித்தது. வழக்கப்படி முற்றத்தில் தாம்பாளம் வைத்துத் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிமிர்த்தினார். கிரகணம் இருக்கும்வரை அது தானாக நிற்குமாம்; விட்டதும் விழுமாம். விழுந்த பிறகுதான் குளியல், சமையல், சாப்பாடு எல்லாம். கணவனின் தங்கை ஜெகதீஸ்வரி எட்டு மாதக் கர்ப்பிணி. கிரகணம் படக்கூடாதென்று விடியமுன்னரே அவளை அறைக்குள் விட்டுக் கொண்டி போட்டிருந்தார்கள். வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

சற்று நேரம் இருண்டது. பிறகு வெளித்தது. கோழிகள் மேயத் தொடங்கின. உலக்கை மட்டும் விழவில்லை. போன கிழமைதான் அதன் அடியில் தட்டையாகப் புது இரும்புப் பூண் போட்டிருந்தது.

"உலக்கை விழேல்லை. கிரகணம் விடேல்லை," என்றார் அயல்வீட்டு அப்புத்துரை, வெயிலுக்குச் சால்வையைத் தலையில் போட்டபடி.

"மச்சாள், எனக்குத் தலை சுத்துது!" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

பத்மாசனி சாணித் தண்ணீர் கரைத்து அதில் சூரியனைப் பார்த்தார். முழு வட்டம்.

"அண்ணை, மேலை நடக்கிறதை அறிய மேலையல்லோ பாக்கவேணும்? உலக்கையை ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"நான் உலக்கையை நம்பவோ, உன்ரை சாணித் தண்ணியை நம்பவோ?"

உலக்கையைத் தட்டிவிட்டிருக்கலாம். அவர் தட்டவில்லை, அதற்காக அவரை மெச்சலாம். ஓடிப்போய் அப்புத்துரை வீட்டு உலக்கையையே தூக்கிவந்து, எறிக்கிற வெயிலில் நிமிர்த்தினார். இரண்டு முறை விழுந்தது. மூன்றாம் முறை நின்றது.

அப்புத்துரை அதைச் சுற்றி வந்தார். "கொஞ்சம் விலத்து பிள்ளை." தானும் ஒன்றை நிறுத்தினார். அவர் மனைவி ஒன்று. பிறகு வீட்டுக்கு வீடு உலக்கை வந்தது. ஒன்பது உலக்கைகள் முற்றத்தில் நிற்க, பசியையும் மறந்து எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"கதவைத் திறவுங்கோ! எனக்கும் ஒரு உலக்கை தாங்கோ!"

கொண்டியை எடுத்துவிட்டவர் அப்புத்துரைதான். ஜெகதீஸ்வரி இரண்டு கதலிப்பழத்தை விழுங்கினாள். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டே, வயிற்றைச் சாய்த்துப் பத்தாவது உலக்கையை நிமிர்த்திக் கையை எடுத்தாள். அது தடாரென்று விழுந்தது.

"பாத்தியளே," என்றார் அப்புத்துரை, "இப்பதான் விட்டிருக்கு!"